பீரோவுக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

“பீரோ நகராது! இந்த வாசலை அது தாண்டுச்சுன்னா, எம்மக கல்யாணத்தன்னைக்கு அவளோட சேந்துதான் தாண்டும்!”

“அதுவரைக்கும் எம்பிள்ள மூச்சு விடாம இருக்கணுமா அத்தை?”

எட்டு வீட்டுக் காம்பவுண்டில் குழாயடிப் பேச்சு சட்டென்று நின்றது. எல்லாக் காதும் மூன்றாம் நம்பர் வீட்டுக்குத் திரும்பியது.

உள்ளே பேச்சியம்மாளும் மருமகள் கோமதியும். நடுவில், அந்த மகள். முப்பத்து மூன்று வயது. மருந்துக்கடையில் வேலை.

அவள் கல்யாணத்தைப் பற்றித்தான் சண்டை. அவளை யாரும் கேட்கவில்லை.

பழகிவிட்டது.

கட்டிலில் மூன்று வயது தன்ஷிகா. கோமதியின் பிள்ளை. நெஞ்சுக்குள் விசில் ஊதியது.

நேற்று டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பிள்ளை தூங்குகிற அறையில் ஜன்னல் இருக்கிறதா?

இருக்கிறது. பதினோரு வருஷமாக, நிலைக்கண்ணாடி பீரோவுக்குப் பின்னால்.

சீருக்கென்று வாங்கிய பீரோ. வண்டியிலிருந்து இறக்கியவர்கள் எங்கே வைக்க என்றார்கள். நாலு நாளைக்குத்தானே, ஜன்னலோரமா வைங்கப்பா என்றாள் பேச்சியம்மாள்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தார். சரிப்பட்டு வராது என்றார். காப்பி கொடுத்தார்கள். அதையும் குடித்துவிட்டுத்தான் போனார்.

நாலாம் நாள் இன்னும் வரவில்லை.

அடுப்படியில் மிளகாய் தாளித்தால் புகை இந்த அறைக்கு வந்து படுத்துக்கொள்ளும். சாயங்காலமானால் கொசுவத்தி. பீரோவுக்குள் பாச்சை உருண்டை. பிள்ளைக்கு இழுப்பு வந்தால் பேச்சியம்மாள் சாம்பிராணி போடுவாள். சாம்பிராணியில் இழுப்பு கூடினால், இன்னும் கொஞ்சம் சாம்பிராணி.

மருந்துக்கடையிலிருந்து இன்ஹேலர் எடுத்து வருகிறவள் அந்த மகள்தான். முன்பெல்லாம் எப்போதாவது ஒன்று.

போன மாதம் இரண்டு.

அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள்.

“மதினி, பிள்ளையை ராஜாமணி அக்காட்ட குடுங்க. தூசி கெளம்பும்.”

பக்கத்து வீட்டு ராஜாமணி ஏற்கனவே வாசலில்தான் நின்றாள். நிற்காமல் எங்கே போவாள்.

பீரோ திறந்தது. குடம், குத்துவிளக்கு, பட்டு, எல்லாவற்றையும் அவள் ஒவ்வொன்றாக வாசலில் கொண்டுவந்து அடுக்கினாள். ஐந்து பட்டு என்று பேச்சியம்மாள் ஊரெல்லாம் சொல்லியிருந்தாள்.

மூன்றுதான்.

ராஜாமணி பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தாள்.

கோமதி ஒரு பக்கம் தூக்கிப் பிடிக்க, அவள் பீரோவின் கால்களுக்கடியில் ஈரச் சாக்கைச் செருகினாள். தோளைக் கொடுத்தாள்.

நகரவில்லை.

“வேணாம்டி. விளங்காமப் போயிரும்டி.”

இன்னொரு தடவை. நகரவில்லை.

பேச்சியம்மாள் மூக்கைச் சிந்தி, செத்துப்போன புருஷனைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

மூன்றாவது தடவை அவள் பல்லைக் கடித்தாள். தரை கிறீச்சிட்டது.

பீரோ திரும்பத் திரும்பக் கண்ணாடியும் திரும்பியது. முதலில் அவள் முகம். பிறகு அம்மாவின் அழுகை. பிறகு வாசல் நிறைய எட்டு வீட்டு முகங்கள். தங்களையே பார்த்ததும் எல்லாரும் ஒரு அடி பின்வாங்கினார்கள்.

பின்னால் சுவர் ஆள் உயரத்துக்குக் கறுத்திருந்தது. பூசணம். மழைத் தண்ணீர் இறங்கி இறங்கி, ஈரத்திலேயே வளர்ந்தது.

கீழே கரப்பான் ஓடுகள். ஒரு சீப்பு. காணாமல் போனதாகச் சொல்லப்பட்ட ஒரு மாப்பிள்ளை போட்டோ. முகத்தைப் பூசணம் தின்றிருந்தது. சட்டை மட்டும் நன்றாக இருந்தது.

எல்லாவற்றையும் ஒரே முறத்தில் அள்ளினாள்.

ஜன்னல் கொக்கி துருவில் இறுகிக் கிடந்தது. இடிகல்லை எடுத்து நாலு போடு போட்டாள்.

திறந்தது.

வெளிச்சம் முதலில் வந்தது. காற்று கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தது.

மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பிளீச்சிங் பவுடர் கரைத்துச் சுவரைத் தேய்த்தாள். துடைத்துக் காயவிட்டாள். வாடை போன பிறகுதான் பிள்ளையை உள்ளே விட்டாள்.

தன்ஷிகா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“பஸ்ஸு.”

எதிரே திருமங்கலம் பஸ் நிற்குமிடம். அந்த வீட்டிலிருந்து அது தெரியும் என்பதே மறந்துபோயிருந்தது.

பீரோ அறையின் நடுவில் நின்றது. ஒரு சுவரில் வாசல். ஒன்றில் அடுப்படி வழி. ஒன்றில் கட்டில். மிச்சம் ஜன்னல்.

பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலில் தெம்பு வந்துவிட்டது.

“இப்ப எங்கடி வைப்ப? தலையிலயா?”

அவள் சுவர்களைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

“நீதானம்மா சொன்ன, வாசலைத் தாண்டுனா என்னோட சேந்துதான்னு. சேந்தே தாண்டட்டும்.”

அந்த மாதமே குட்டியானை வண்டி வந்தது. ஆடி மாதம். ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா என்று காம்பவுண்டு கேட்டது. பீரோவைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, அவள் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

மருந்துக்கடைக்குத் திருமங்கலத்தில் ஒரு கிளை இருக்கிறது.

யாரோ ஆள் இருக்கிறான், இல்லாமல் இந்தத் தைரியம் வருமா என்று காம்பவுண்டு முடிவுகட்டியது. ராஜாமணி தலைவலி மாத்திரை வாங்கப் பதினைந்து மைல் பஸ் ஏறிப் போய், வீடு வரைக்கும் பார்த்துவிட்டு வந்தாள். ஒரே அறை. இரண்டு ஜன்னல். ஜன்னல் இல்லாத சுவரில் பீரோ. ஆளைக் காணோம். அந்த ஏமாற்றத்தில் அவளுக்கு நிஜமாகவே தலைவலி வந்துவிட்டது.

மூன்றாம் நம்பர் வீட்டில் சாம்பிராணி இப்போது வெள்ளிக்கிழமை மட்டும். அதுவும் வாசலோடு சரி. அவள் கடைசியாக வாங்கித் தந்த இன்ஹேலர் இன்னும் தீரவில்லை.

கொசு வருகிறது, புழுதி வருகிறது, கண்ட கண்ட சத்தம் வருகிறது என்று பேச்சியம்மாள் நாள் முழுக்கப் புலம்புகிறாள். ஆனால் ஜன்னலை மூடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் விடிந்ததும் அங்கே நாற்காலி போட்டுக்கொள்கிறாள். திருமங்கலம் பஸ் ஒவ்வொன்றாக வந்து நின்று போகிறது.

கேட்டால், காற்றுக்காகவாம்.