அண்ணன் பெயரில் மாத்திரை

2049 மார்ச் 9, திருநெல்வேலி. ஒரு மனநல மையத்தில் அன்று நாற்பத்தொரு பேருக்கு மூளைப் படம் எடுத்தார்கள்.

இசக்கிராஜின் தங்கை மாரிச்செல்வியின் படத்தில் நோய் எதுவும் இல்லை. மூன்று வாரமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. நேற்று இரண்டாவது முறையாகக் கிணற்றடியிலிருந்து அவளை இசக்கிராஜ் கையைப் பிடித்து இழுத்துவந்தான். ஒப்பிட்டுப் பார்க்க உடன்பிறந்தவர் ஒருவரையும் படமெடுப்பது விதி. அவனுடைய படத்தில்தான் கடுமையான மனச்சோர்வு என்று வந்திருந்தது.

“எனக்கா? காலையில எட்டு இட்லி தின்னுட்டு வந்திருக்கேன், டாக்டரம்மா!”

மருத்துவர் சிரிக்கவில்லை. “நோய் தங்கச்சிக்குத்தான்னு எனக்கும் தெரியுது அண்ணாச்சி. ஆனா படத்துல இல்லாத நோய்க்கு எழுதினா கவுன்டர்ல மாத்திரை தர மாட்டாங்க. உங்க படம் தப்புன்னு நீங்க மறுத்து எழுதிக் கொடுக்கலாம். ஏத்துக்கிட்டா ஆறு மாசத்துக்கு மாத்திரை உண்டு. ஆனா வண்டி ஓட்டுற லைசென்ஸ் போயிரும்.”

பால் வேன் ஓட்டித்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கிறது. திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தான். மாரிச்செல்வி பெஞ்சில் உட்கார்ந்து தரையையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

“மாத்திரை இன்னைக்கே கெடைக்குமா?”

“கெடைக்கும்.”

கையெழுத்துப் போட்டான்.

“எடையைப் பாத்துத்தான் மாத்திரை அளவு. உங்க எடை?”

“எம்பத்தாறு.”

மருத்துவர் பேனாவை நிறுத்தினார். “தங்கச்சி எடை?”

“நாப்பத்தி நாலு இருப்பா.”

அதையே அவன் பெயருக்கு எதிரே எழுதினார்.

ஐந்து மணிக்கு இசக்கிராஜின் உரிமம் ரத்தானது. வேனை மைய வாசலிலேயே விட்டுவிட்டு, இருவரும் பேருந்தில் ஊர் திரும்பினார்கள்.