மாமியார் வீட்டில் இருந்தவன்

"ஞாயித்துக்கெழமைல வந்து பொண்ணுங்களுக்கு சைக்கிள் கத்துத் தரட்டுங்களா? காசெல்லாம் வேணாங்க."

ஷரீப் இப்படிக் கேட்டதுமே காமேஸ்வரி உஷாராகிவிட்டாள்.

திருத்தணியில் அவள் நடத்துகிற இலவச ஞாயிறு வகுப்புக்குப் பெற்றவர்கள் அவளை நம்பித்தான் குழந்தைகளை அனுப்புகிறார்கள். முன்பின் தெரியாதவனைச் சேர்த்து, ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்?

"யோசிச்சு சொல்றேன்," என்றாள்.

மறுநாளே கே.ஜி.கண்டிகைக்கு பஸ் ஏறினாள். ஷரீப்பின் வாடகை சைக்கிள் கடைக்கு எதிரே டீக்கடை. கடைக்காரர் கண்ணையனிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள்.

"எதிர்க்கடை ஷரீப் ஆள் எப்படிங்க?"

"ஷரீப்பா? மூணு வருஷம் மாமியார் வீட்டுல இருந்துட்டு இப்பதான் வந்துகீறான்," என்றார் கண்ணையன், டீயை ஆற்றிக்கொண்டே.

ஜெயிலா! மேற்கொண்டு கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. நல்லவேளை விசாரித்தோம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு திரும்பினாள்.

அடுத்த ஞாயிறு, ஷரீப் தன் சின்ன மகளோடு வாசலில் வந்து நின்றான்.

"மூணு வருஷம் உள்ள இருந்தீங்களாமே. டீக்கடைல சொன்னாங்க. குழந்தைங்க இருக்கிற இடம் பாருங்க, சரிப்படாது."

ஷரீப் விழித்தான். பிறகு சிரித்துவிட்டான்.

"நெஜ மாமியார் வீடுங்க, அரக்கோணத்துல. பக்கவாதம் வந்து படுத்த படுக்கையா இருந்தாங்க. கண்ணை மூடற வரைக்கும் நானும் எம் பொண்டாட்டியும் கூடவே இருந்து பார்த்துகினோம்."

காமேஸ்வரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தப்பா நெனச்சுட்டேன். மன்னிச்சிடுங்க."

"அட, விசாரிக்கிறதுதாங்க மொறை. நீங்க வந்து கேட்டுட்டுப் போனீங்கன்னு கண்ணையன் சொன்னதும் மனசுக்கு நல்லா இருந்துச்சு. இவ்ளோ பார்க்கிற எடம்னா எம் பொண்ணு நஸியாவையும் சேர்த்துடலாம்னுதான் இட்டாந்தேன்."

உள்ளே ஆர்மோனியச் சத்தம் கேட்டது. நஸியா செருப்பைக் கழற்றிவிட்டு ஆசையாக எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க அது?" என்றான் ஷரீப்.

"பாட்டு சார், கணேஷ்ராம். சென்னைக்காரர். போன வாரம்தான் சேர்ந்தார். அவரும் காசு வாங்கறதில்ல."

"அவரைப் பத்தி யார்கிட்ட விசாரிச்சீங்க?"

"அவரையா?" காமேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. "பார்த்தாலே தெரியலையா? நெத்தி நிறைய விபூதி. தினமும் மலையேறி சாமி கும்பிடறவர்."

ஷரீப் குனிந்து மகளுக்குச் செருப்பை மாட்டிவிட்டான்.

"விசாரிச்சுட்டு சொல்லியனுப்புங்க. அப்புறமா இவளை இட்டாறேன்."