கேமராவின் முதுகு

இக்கரைக் கல்லூரியும் அக்கரைக் கல்லூரியும் கால்பந்தில் மோதினால், மேற்குக் கேலரியில் இக்கரை மேளம்தான் முதலில் அதிரும். டிவி கேமரா வந்ததிலிருந்து அந்த மேளத்துக்கு ஒரு சந்தேகம். மேற்குக் கேலரி உச்சியில் நின்றுகொண்டு கேமரா எதிரே கிழக்குக் கேலரியில் இருக்கும் அக்கரைக் கூட்டத்தையே காட்டியது.

“உண்மையைச் சொல்லு. அவங்க உனக்கு என்ன கொடுத்தாங்க?” என்று கேட்டது மேளம்.

“சாயங்கால வெயில் கண்ணுல அடிக்குது. அதான் மேற்கே முதுகைக் காட்டி நிக்கிறேன்,” என்றது கேமரா.

மேளம் நம்பவில்லை. “வெயிலாம். இவன் விலைபோயிட்டான்,” என்று பக்கத்தில் கிடந்த பீப்பியிடம் முணுமுணுத்தது.

மேட்சுக்கு மேட்ச் மேற்குக் கேலரி காலியானது. கிழக்கில் கூட்டம் பிதுங்கியது. அங்கே கேமராவைப் பார்த்துக் கையாட்டிக் குதித்தவர்களை மேளம் உற்றுப் பார்த்தது. பாதிப்பேர் தெரிந்த முகங்கள்; சட்டை மட்டும் அக்கரை நிறம்.

கடைசி மேட்ச் அன்று மேளக்காரனும் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கிழக்கே நடந்தான். அங்கே வாயே திறப்பதில்லை என்றுதான் மேளம் நினைத்திருந்தது. ஆனால் கேமரா தன்னை நேராகப் பார்த்ததும், எந்நாளும் இல்லாத முழக்கம் முழங்கியது.

அப்புறம்தான் எதிரே கவனித்தது. காலிப் படியில் தனியாகக் கிடந்த பீப்பி கேமராவைப் பார்க்கவில்லை. மேளத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.