உஸ்கென் அரிசி

"இந்த மூட்டையை இங்க கொண்டாந்தது யாரு?"

உஸ்கென் ஊர் நெல் விவசாயி ஹோல்மத் போட்ட சத்தத்தில், சனோபர் வீட்டுத் தொட்டில் விருந்துக்கு வந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். புலாவ் வெந்துகொண்டிருந்த கொப்பரைக்குப் பக்கத்தில், வெளிநாட்டு எழுத்து அச்சிட்ட அரிசிச் சாக்கு பாதி காலியாகக் கிடந்தது.

"உஸ்கென்ல பொறந்துட்டு, எவனோ ஊரு அரிசியைப் பொங்குறியே! நம்ம வயல் அரிசி உனக்குக் கசக்குதா?"

"மெதுவாப் பேசுங்கண்ணே, விருந்தாளிங்க இருக்காங்க," என்று சனோபர் கெஞ்சினாள்.

"கேக்கட்டும்! ஊர்க்காரங்களே வாங்கலைன்னா நாங்க யாருக்காகச் சேத்துல நிக்கிறோம்?"

ஆத்திரம் தாளாமல் சாக்கை எட்டி உதைத்தார். அரிசி முற்றமெங்கும் சிதறியது.

சனோபர் கரண்டியைக் கீழே எறிந்தாள்.

"உங்க வாசலுக்கு நடையா நடந்தேனே! 'தலைநகர வியாபாரி மொத்தமா எடுத்துக்கிட்டான், ஒரு பிடிகூட இல்ல'ன்னு கதவைச் சாத்தினது யாரு?"

"அதுக்காக இந்தக் குப்பையைக் கடையில வாங்கிடுவியா?"

"கடையில வாங்கலண்ணே. காலையில உங்க வீட்டம்மாகிட்ட போய் அழுதேன். அவங்க சமையக்கட்டுல இருந்த சாக்கைத் தூக்கிக் குடுத்தாங்க."

ஹோல்மத் மனைவியைத் தேடினார். தக்காளி நறுக்கிக்கொண்டிருந்த உமிதா, கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"எல்லாத்தையும் லாரியில ஏத்திட்டா சோத்துக்கு நான் எங்க போவேன்? வருஷக்கணக்கா நம்ம வீட்டுல வேகுறது இதுதான். நீங்கதான் 'நம்ம வயல் அரிசி மாதிரி வருமா'ன்னு ரெண்டாந்தட்டு கேக்குறீங்க!"