பால் பொங்கும்வரை

காலையில் அவன் பாலை அடுப்பில் வைத்து, பொங்கும்வரை கண்ணெடுக்காமல் நின்றான். ஆற்றிக் கொடுத்தான். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் மாட்டி, மாமனாரோடு தோப்புக்கு நடக்கக் கிளம்பினான்.

பனிமூட்டத்தில் அடுத்த மரம்கூடத் தெரியவில்லை.

“தொலைஞ்சு போயிடாதீங்க தாத்தா. அப்புறம் நான்தான் தேடணும்,” என்று பேத்தி அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். பேரன் உதிர்ந்த இலைகளை உதைத்துக்கொண்டே முன்னால் ஓடினான். அவளும் விரலை விட்டுவிட்டுத் துரத்தினாள்.

மாமனார் குரலைத் தாழ்த்தினார். “மாப்பிள்ளை, நான் வந்து சேர்றதுக்குள்ள என் பொண்ணு போயிட்டா. கடைசியா என்னைக் கேட்டாளா?”

“கேட்டா மாமா. ‘அப்பா வந்துட்டாரா’ன்னுதான் கேட்டா.”

நல்லவேளை, பனியில் அவன் முகம் அவருக்குத் தெரியவில்லை.

“எனக்குத் தெரியும்,” என்றார் அவர். நடையில் தெம்பு வந்திருந்தது.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவள் உண்மையில் சொன்னது: “அடுப்புல பால் வச்சிருக்கேன், பாத்துக்கோங்க.”