வைகாசி மாப்பிள்ளை

சேத்துப்பட்டிலிருந்து ஆரணிப் பட்டுத்தறிக்காரர் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்த சடையப்பன், பஞ்சாங்கத்தைக் கரைத்துக் குடித்தவர்போல் பேசினார்.

“எம் புள்ள வைகாசியில பொறந்தவன். லண்டன் மகாராணி பொறந்ததும் வைகாசிதான். புத்தரும் வைகாசி. அவ்ளோ எதுக்கு, முருகனே வைகாசிதானுங்க!”

மகன் குனிந்த தலை நிமிரவில்லை. தட்டு மாற்றிவிட்டால் காரியம் முடிந்தது என்று சடையப்பனுக்கு அவசரம். “ஜல்தியா தட்ட மாத்திக்கலாமுங்க.”

பெண்ணின் தாய் குப்பம்மாள் தட்டைத் தொடவில்லை. “முருகனோட இன்னொரு பொருத்தமும் இருக்குதுங்களே?”

“இருக்கும், இருக்கும்!” என்று பூரித்தார் அவர்.

குப்பம்மாள் உள்ளே பார்த்து, “வாம்மா” என்றாள்.

பெரணமல்லூரில் இருக்கும் தாய்வீட்டுக்குச் சடையப்பன் விரட்டிவிட்ட மருமகள், கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

“முருகனுக்கு ரெண்டு பொண்டாட்டி, சரிங்க. உங்க புள்ளைக்கு இவ ஒருத்தி போதும்.”