நெற்றியில் வந்த எண்

படத்தைத் திருடக் கூடாது என்று திரையில் வந்த எச்சரிக்கையைப் பார்த்து, இந்தக் காலத்தில் காசு கொடுத்துப் படம் பார்க்கிறவனைத்தான் முதலில் சந்தேகப்படுகிறார்கள் என்று முனகியபடி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார் கொம்பையா. அழுதுகொண்டிருந்த கதாநாயகியின் நெற்றியில் வெளிறிய எழுத்தில் ஓர் எண் வந்து, இரண்டு நொடி நின்று, மறைந்தது. அவருடைய செல்போன் எண்.

"ஏளா செண்பகம், என் நம்பர அவ மூஞ்சில எவன் எழுதினான்?"

மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உங்க போன் ரீசார்ஜோட வந்த, படம் பாக்குற ஆப் கணக்குல்லா மாமா இது. எவனாவது படத்தத் திருடி வெளிய விட்டா, யாரு வீட்டுலேர்ந்து போச்சுன்னு கண்டுபிடிக்கத்தான் போடுதான். நீங்க ஒண்ணும் எடுக்கலல்லா?"

கொம்பையா டிவியின் சத்தத்தைக் கூட்டினார். செல்போனிலேயே படத்தை ஓடவிட்டு அதன் திரையைப் பதிவுசெய்தபோது, திருட்டைத் தடுக்கும் பூட்டு இருந்ததால் வெறும் கறுப்புதான் விழுந்தது. அதனால் நேற்று டிவிக்கு எதிரே செல்போனை நீட்டிப் பிடித்து, கை கடுக்க முக்கால் படத்தை எடுத்திருந்தார்; எண் எதுவும் அப்போது கண்ணில் படவில்லை. முட்டி ஒடிந்து கிடக்கும் சிநேகிதன் ஆறுமுகநயினார் பார்க்கட்டுமே என்றுதான் அனுப்பினார். அந்தப் பாவி அதைச் சொந்தக்காரர்கள் முந்நூறு பேருக்கும் தள்ளிவிட்டான். முந்நூறு செல்போனிலும் இந்நேரம் அவருடைய எண் வந்து வந்து போய்க்கொண்டிருக்கும்.

மடியில் கிடந்த செல்போன் அடித்தது. பெயரில்லாத எண்.

"லோன் வேணுமான்னு கேக்கிறவனா இருக்கும். எடுங்க மாமா."

"நீ அப்படித்தான் சொல்லுவ."

அடித்துக்கொண்டிருந்ததைச் சோபா இடுக்கில் திணித்துவிட்டு, செருப்புகூட மாட்டாமல் தெருவில் இறங்கி நடந்தார்.